சேற்று நிலமும் சொல்லும்: பூலாய்க் கழிமுகத்திற்குத் தொழில்துறை வந்த வரலாறு



மொழிக் கழகத்தின் சொற்பொழிவு வரிசையில் தொழிற்சாலையையும் துறைமுகத்தையும் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்தலைப்பை நான் தேர்ந்ததற்கு ஒரு மாணவியின் கேள்வியே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் இலக்கியப் பாடம் பயிலும் மாணவர் சிலரைத் தஞ்சோங் பியாய்க்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது. பொந்தியான் மாவட்டத்தில், அலையாத்திக் காட்டின் நடுவே மரப்பலகைப் பாதை அமைத்திருக்கிறார்கள். கடல் வற்றியிருந்த வேளை. சேற்றில் சிறு நண்டுகள் ஊர்ந்தன. மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நின்றன. அப்போது ஒரு மாணவி, “ஐயா, நாம் படிக்கும் நெய்தல் இதுதானா?” என்று கேட்டாள்.

“ஆம், இதுவும் நெய்தலே” என்று விடை கூறினேன். கூறிய பின் மனம் நிலைகொள்ளவில்லை. நெய்தலின் கருப்பொருளையும் உரிப்பொருளையும் பட்டியலிட்டு மதிப்பெண் பெறும் பிள்ளைக்கு, தன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் நெய்தல் இருப்பது பதினேழு வயது வரை தெரியாமல் இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பு. தெரிந்துகொள்வதற்குள் அந்நிலத்தின் ஒரு பகுதி இல்லாமலும் போய்விட்டது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதே இன்றைய என் உரையின் கருத்து.

1. நிலத்தின் இயல்பு

பூலாய் ஆறு ஜொகூரின் தென்மேற்கில் ஓடிக் கடலை அடைகிறது. ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் இடத்தைத் தமிழ் கழிமுகம் என்கிறது. நாளுக்கு இருமுறை கடல் ஏறி நிலத்தை மூடும்; இருமுறை வற்றி நிலத்தைத் திறக்கும். அதனால் அது நிலம் என்றோ நீர் என்றோ ஒரு சொல்லில் அடங்காது. உப்பும் மூச்சுமுட்டும் சேறும் சேர்ந்த அவ்விடத்தில் பிற மரங்கள் பிழைப்பதில்லை. அலையாத்தி மரங்கள் பிழைக்கின்றன. சேற்றுக்கு மேலே வேரை நீட்டிக் காற்றைப் பெறுகின்றன. அவற்றுள் சிலவற்றின் விதை, தாய்மரத்தில் தொங்கியபடியே முளைவிட்டு நீண்டு, பின்னரே சேற்றில் விழுந்து ஊன்றுகிறது.

இம்மரங்களுக்குத் தமிழில் பெயர்கள் உண்டு. பிச்சாவரத்தில் சுரபுன்னை எனப்படும் வகைமரத்தை மலாய்க்காரர் பாக்காவ் என்பர். அதைவிட நெருக்கமான உறவு ஒன்றைச் சொல்கிறேன். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரம் ஓர் அலையாத்திக் காட்டு மரமே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மலாய்க் கடற்கரை மக்கள் அதே மரத்தைப் ‘பூத்தா பூத்தா’ என்கிறார்கள். பூத்தா என்றால் குருடு. நாம் கோயிலில் வணங்கும் தலமரத்தின் உறவினை இந்நாட்டுச் சேற்றில் அடையாளம் காணாமல் வாழ்கிறோம்.

இக்காட்டின் பயனைச் சுருக்கமாகச் சொல்லலாம். மீன்குஞ்சுகளும் இறால்குஞ்சுகளும் வேரிடுக்கில் ஒளிந்து வளர்கின்றன. அலையின் வேகத்தை மரங்கள் தணிக்கின்றன; ‘அலையாத்தி’ என்ற பெயரே அலையை ஆற்றும் தொழிலைக் குறிக்கிறது. ஆண்டாண்டாய் உதிரும் இலையும் வேரும் காற்றில்லாச் சேற்றில் மட்காமல் புதைவதால் பெருமளவு கரிமம் அங்கே அடைபட்டுக் கிடக்கிறது. காட்டிற்கு முன்னே, கடல் வற்றும்போது தலைகாட்டும் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. பூலாய்க் கழிமுகத்தை அடுத்த மெராம்போங் திட்டில் அப்படியொரு கடற்புல் வெளி உண்டு. கடற்குதிரை அதில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். தமிழகக் கடலோர மக்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு மேய்வது இந்தப் புல்லையே. அவ்விலங்கிற்காகத் தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டில் பாக் விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. அதே விலங்கு ஜொகூர்க் கடலிலும் வாழ்கிறது.

2. கழிமுகத்தின் மக்கள்

இந்நிலம் ஆளற்ற நிலம் அன்று. தஞ்சோங் கூப்பாங் முக்கிமில் மலாய் மீனவச் சிற்றூர்கள் இருக்கின்றன. கூப்பாங் என்பது ஒருவகைச் சிப்பி. ஊர்ப்பெயரே ஊரின் உணவைச் சொல்கிறது. கூக்கூப்பில் சீன மீனவர்கள் நீரின் மேல் கால்நட்டு வீடு கட்டி வாழ்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்தே இக்கடற்கால்களில் வாழ்ந்தவர்கள் ஓராங் செலேத்தார் மக்கள். அரசு வகுத்துள்ள பதினெட்டுப் பூர்வகுடிப் பிரிவுகளில் அவர்களும் ஒருவர். முன்னாளில் படகே அவர்களுக்கு வீடு. நீரிணையின் இருகரையும் அவர்களுக்கு ஒரே ஊராக இருந்தது. சிங்கப்பூரின் வடக்கில் உள்ள செலேத்தார் என்னும் இடப்பெயர் அதற்கு இன்றும் சான்று. கெலாங் பாத்தாவை அடுத்த சிம்பாங் ஆராங் போன்ற சிற்றூர்களில் இப்போது அவர்கள் கரையேறி வாழ்கிறார்கள். ஆராங் என்றால் கரி.

இம்மக்களின் பொருளியலை ஒரு வரியில் சொல்வதானால், கடல் வற்றும்போது கையால் பொறுக்கியும் ஏறும்போது வலையால் பிடித்தும் வாழ்வது எனலாம். பட்டா கேட்காத, முதலீடு கேட்காத பிழைப்பு அது. எந்தச் சேற்றில் எந்தப் பருவத்தில் நண்டு வரும், எந்த நிலவுநாளில் கடல் எவ்வளவு வற்றும் என்ற அறிவே அவர்களின் மூலதனம். அந்த அறிவு வேறிடத்திற்குக் கொண்டுசெல்ல முடியாதது. அவர்களைப் பத்துக் கிலோமீட்டர் அப்பால் நல்ல கல்வீட்டில் குடியமர்த்தினாலும் அந்த மூலதனம் முழுதும் அழிந்துவிடும். ஈட்டுத்தொகை கணக்கிடுவோர் படகையும் வலையையும் எண்ணுகிறார்கள். இதை எண்ணுவதற்கு அவர்களின் ஏட்டில் பத்தி இல்லை.

3. தொழில்துறை வந்த வரிசை

ஜொகூரின் தென்கரைக்குப் பெருந்தொழில் ஒரே நாளில் வரவில்லை. கிழக்கே பாசிர் கூடாங் முதலில் மாறியது. 1977ஆம் ஆண்டில் ஜொகூர்த் துறைமுகம் அங்கே இயங்கத் தொடங்கியது. அதனைச் சுற்றி எண்ணெய், இரசாயனம், உலோகத் தொழில்கள் பெருகின. ‘கூடாங்’ என்ற மலாய்ச் சொல்லுக்குச் சரக்கறை என்று பொருள். நம் ‘கிடங்கு’ என்ற சொல்லோடு அதனை அறிஞர்கள் தொடர்புபடுத்துவர். கப்பல் ‘காப்பால்’ ஆனதும் கடை ‘கெடாய்’ ஆனதும் குளம் ‘கோலாம்’ ஆனதும் போலக் கிடங்கும் கடல் கடந்து வந்திருக்கிறது. வணிகத்தின் சொற்களை நாம் இந்நாட்டுக்குத் தந்திருக்கிறோம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அந்த வணிகம் தொட்ட நிலத்தின் சொற்களையும் நாம் அறிய வேண்டாவா?

மேற்கே பூலாய் ஆற்றின் வாயில் 1999ஆம் ஆண்டின் இறுதியில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் செயற்படத் தொடங்கி, 2000ஆம் ஆண்டு மார்ச்சில் முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் மாற்றுச்சரக்குப் பணியைச் சிங்கப்பூரிலிருந்து இங்கு மாற்றியது உலகச் செய்தியாயிற்று. இருபதடிப் பெட்டகக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டகங்களைக் கையாளும் நிலைக்கு அது இன்று வளர்ந்துள்ளது. ஆற்றின் மறுகரையில், தஞ்சோங் பின்னில் 2,100 மெகாவாட் திறனுள்ள நிலக்கரி மின்நிலையம் 2006, 2007ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கியது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 2003ஆம் ஆண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று பூலாய் ஆற்று அலையாத்திக் காடு 9,126 ஹெக்டேரும், கூக்கூப் தீவு 647 ஹெக்டேரும், தஞ்சோங் பியாய் 526 ஹெக்டேரும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஈரானின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2ஆம் நாள் உருவான உலக உடன்படிக்கை அது. மலேசியா அதில் 1994இல் இணைந்தது. கடல் வற்றியபோது ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடற்பரப்பையும் ஈரநிலம் என்றே அவ்வுடன்படிக்கை கொள்கிறது. அதாவது காட்டோடு கடற்புல்லும் ஈரநிலமே. ஒரே ஆற்றுவாயில் உலகத் தரத்துத் துறைமுகமும் உலகம் ஏற்ற ஈரநிலமும் அருகருகே நிற்கின்றன. காட்டின் எல்லை வரைபடத்தில் கோடாக நின்றாலும், கப்பல் கிளப்பும் அலையும் ஆழப்படுத்தும்போது கலங்கும் வண்டலும் அக்கோட்டை மதிப்பதில்லை. தஞ்சோங் பியாயின் விளிம்பில் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடப்பதைப் பார்வையாளர் எவரும் காணலாம்.

2006ஆம் ஆண்டில் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் தொடங்கப்பட்டது. 2014இல் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் பெருநகர்த் திட்டத்திற்காகக் கடலில் மணல் கொட்டும் வேலை தொடங்கியது. திட்டம் நான்கு செயற்கைத் தீவுகள்; பரப்பு 1,386 ஹெக்டேர்; குடியேறுவார் என்று கணக்கிட்ட மக்கள் ஏழு இலட்சம். அண்டைநாடு கவலை தெரிவித்தது. வேலை இடையில் நின்றது. விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்கு 2015 ஜனவரியில்தான் ஒப்புதல் கிடைத்தது. மணல் முன்னும் மதிப்பீடு பின்னும் வந்த அவ்வரிசையை மாணவர்கள் கருத வேண்டும். தேர்வு எழுதிவிட்டுப் பாடம் படிப்பது போன்றது அது. பின்னர் எதிர்பார்த்த ஏழு இலட்சம் பேர் வரவில்லை. திட்டத்தின் சீனத் தாய்நிறுவனம் 2023இல் தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் போயிற்று. கோபுரங்கள் பல இருளில் நிற்கின்றன. இப்போது அவ்விடம் சிறப்பு நிதி மண்டலமாகவும், 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் பகுதியாகவும் புது வாழ்வு தேடுகிறது. அது வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். கட்டடம் வெறுமையாய் இருந்தால் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். மணலின் அடியில் மூடிய கடற்புல்லுக்கு அப்படிப்பட்ட இரண்டாம் வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

4. கிம் கிம் ஆறு கற்பித்தது

தொழிலால் வரும் கேடு மீனவருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோருக்கு 2019 ஒரு பாடம். அவ்வாண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டத்திற்குப் புறம்பாகக் கொட்டப்பட்டது. நீரிணையில் கலக்கும் சிற்றாறு அது. ஆற்றை அடுத்த பள்ளிகளின் மாணவர்களே முதலில் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து, மயங்கினர். சில நாட்களில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். மார்ச் 13 அன்று அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் மாணவர்கள் மூச்சுக் கோளாறுக்கு ஆளாகிப் பள்ளிகள் மூடப்பட்டன.

இந்த அவையில் அன்று மாணவர்களைத் தாங்கிப் பிடித்த ஆசிரியர் எவரேனும் இருக்கலாம். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சட்டம் அன்றும் இருந்தது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஆம் ஆண்டினது. அதில் கண்ட தண்டம், கழிவை முறையாக அகற்றும் செலவோடு ஒப்பிட்டால் குற்றவாளியை அஞ்சச் செய்யும் அளவில் இல்லை என்ற குறை எழுந்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. பிள்ளைகள் மயங்கி விழுந்து ஐந்தாண்டு கழித்து வந்த திருத்தம் அது.

5. நாமும் தொழிலால் வந்தவர்கள்

இங்கே ஒரு நேர்மையான மறுப்பை நாம் எதிர்கொள்ள வேண்டும். “துறைமுகத்தாலும் தொழிற்சாலையாலும்தானே நம் குடும்பங்கள் உயர்ந்தன? தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழர்களுக்கு வேலை தந்தவை அவைதாமே?” என்று கேட்பீர்கள். உண்மை. பாசிர் கூடாங்கிலும் மாசாயிலும் கெலாங் பாத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு அதனாலேயே எரிகிறது. அதை மறைத்துவிட்டுக் காட்டைப் போற்றுவது பொய்யாகும். இன்று என் சொற்பொழிவைக் கேட்க வந்தவர்களின் கல்விக் கட்டணத்தில் கொள்கலப் பெட்டகத்தின் பங்கும் உண்டு.

ஆனால் அந்தக் கேள்வியை இன்னும் ஒரு தலைமுறை பின்னே கொண்டுசெல்வோம். தோட்டமும் ஒரு தொழில்துறையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் ஜொகூருக்கு வந்தபோது காடு அழிந்தது. அங்கு வாழ்ந்த பூர்வகுடியினர் ஒதுங்கினர். மரத்திற்குப் பால்வெட்ட நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். தொழில் வந்த இடத்தில் தொழிலோடு வந்தவர்கள் நாம். பிறகு அத்தொழில் நம்மையே விட்டுச் சென்றது. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். அதனை எதிர்கொள்ளத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்க 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த தலைமுறையில் இரப்பர் செம்பனையாயிற்று. செம்பனை, வீட்டுமனையும் தொழிற்பேட்டையும் ஆயிற்று. லயம் போயிற்று, கோயில் இடம்பெயர்ந்தது, தமிழ்ப்பள்ளி வேறிடம் தேடிற்று. நான்கு தலைமுறை உழைத்தும், தான் வெட்டிய மரம் நின்ற மண்ணில் ஒரு சாண் தனக்கு உரிமையில்லை என்பதைத் தோட்டப் பாட்டாளி வெளியேற்றக் கடிதம் வந்த நாளிலேயே அறிந்தார்.

ஆகவே கழிமுகத்து மீனவர் இன்று படும் துயர் நமக்கு அயலான துயர் அன்று. அவர்களுக்கும் எழுத்துப் பத்திரம் இல்லை, நமக்கும் இருந்ததில்லை. அவர்களிடமும் முன்கூட்டிக் கேட்கவில்லை, நம்மிடமும் கேட்டதில்லை. வேலைவாய்ப்பைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க நாம் முற்படுவது, நம் பாட்டன்மாரின் வாயை அடைத்தவர்களின் பக்கம் நாம் போய் நிற்பதாகும். ஜொகூர் நீதிமன்றம் ஒருமுறை வழிகாட்டியிருக்கிறது. லிங்கியூ நீர்த்தேக்கத்திற்காகக் காட்டை இழந்த ஜக்கூன் பூர்வகுடியினர் தொடுத்த வழக்கில், பத்திரம் இல்லாதபோதும் காட்டில் வாழ்ந்து உண்ணும் மரபுரிமைக்கு ஈடு தரவேண்டும் என்று 1990களில் தீர்ப்பாயிற்று. அடோங் வழக்கு என்று சட்ட மாணவர்கள் அதனைப் படிக்கிறார்கள். தமிழ் மாணவர்களும் படிக்கத்தக்கது.

6. சொற்கள் செய்யும் வேலை

இனி மொழிக் கழகத்திற்கு நேராக உரிய பகுதிக்கு வருகிறேன். கடலை மண்ணிட்டு மூடுவதை நம் செய்தித்தாள்கள் ‘நில மீட்பு’ என்று எழுதுகின்றன. நானும் எழுதியிருக்கிறேன். மீட்பு என்றால் என்ன? நமக்குரிய ஒன்று பிறரிடம் சிக்கியிருக்க, அதனைத் திரும்பப் பெறுவது மீட்பு. அடகு வைத்த நகையை மீட்கலாம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கலாம். மெராம்போங் கடல் யாரிடமிருந்து எதைக் கவர்ந்தது? நம்மிடம் இருந்ததே இல்லாத நிலத்தை நாம் எப்படி மீட்க முடியும்? வேற்றுமொழிச் சொல்லின் நிழலாக வந்த இச்சொல், கேட்பவர் அறியாமலே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறது. மலாய் மொழி ‘தம்பாக்’ என்கிறது. மண்ணைக் குவித்து உயர்த்துதல் என்பதே அதன் பொருள். தமிழுக்கும் நேரிய சொல் உண்டு: தூர்த்தல். கிணற்றைத் தூர்த்தார்கள், குளத்தைத் தூர்த்தார்கள் என்கிறோம். கடலைத் தூர்த்தார்கள் என்று எழுதினால் நடந்தது என்ன என்பது படிப்பவருக்கு விளங்கும். அதன்பின் அது வேண்டியதா, வேண்டாததா என்று அவர் தாமே எண்ணலாம்.

இன்னொரு சொல் புறம்போக்கு. எவருக்கும் தனியே உரிமையாகாமல் ஊர் முழுமைக்கும் பயன்பட ஒதுக்கிய நிலம் அது: ஏரி, ஆற்றங்கரை, மேய்ச்சல், கழி. வரி வராத நிலம் என்பதால் அரசின் கணக்கில் அது பயனற்றதாயிற்று. காலப்போக்கில் மனிதரை இகழும் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. பொதுவுடைமையைக் குறித்த சொல்லே வசையாகிவிட்டபின் அந்நிலத்தை யார் காப்பார்?

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியில் இதன் விளைவைக் காணலாம். கொசத்தலையாறு கடலைச் சேரும் அக்கழியைச் சுற்றி அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்தன. மின்நிலையச் சாம்பல் நீரோடு கலந்து கழியில் படிந்தது. இறாலும் நண்டும் குறைந்தன. கழியில் கையால் இறால் தடவிப் பிழைத்தவர்கள் சாம்பலைத் தடவ வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் பெருவெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழியெங்கும் பரவியது. 2017இல் எண்ணூரைப் பாடுபொருளாக்கி, புறம்போக்கு என்ற சொல்லையே தலைப்பாகக் கொண்டு, கருநாடக இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா பாடிய பாடல் பலரின் கவனத்தை அங்கே திருப்பியது. ஒரு சொல்லின் பழம்பொருளை மீட்டதே அதன் முதல் பணி. ‘மீட்டல்’ என்ற சொல்லுக்கு அதுவே தக்க இடம்.

எண்ணூரும் பூலாயும் வேறு வேறு நாடுகள். ஆட்சிமுறை வேறு, மக்கள் வேறு. ஆயினும் இரண்டிலும் முதலில் நிகழ்வது ஒன்றே. அங்கு வாழ்வோர் பல பெயரிட்டு அழைக்கும் இடத்தை, வெளியிலிருந்து வருவோர் ‘சேறு’, ‘வெற்றுநிலம்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். பெயர் ஒன்றாகச் சுருங்கியபின் வேலை எளிதாகிறது.

7. நாம் செய்யக்கூடியவை

தொழில் வேண்டா என்று சொல்ல நான் வரவில்லை. ராம்சார் உடன்படிக்கையே ஈரநிலத்தைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை; அறிவோடு பயன்படுத்தச் சொல்கிறது. கேட்க வேண்டியவரிடம் முன்னரே கேட்பது, மதிப்பீட்டை வேலைக்கு முன்னரே முடிப்பது, இழப்பைக் கணக்கிடும்போது படகோடு அறிவையும் எண்ணுவது, இவையே நான் வேண்டுபவை. இவற்றில் ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது என்ன?

தஞ்சோங் கூப்பாங் சிற்றூரார் ஒரு விடை தந்திருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய கெலாப் ஆலாமி என்னும் இயற்கைக் கழகத்தில், கடல்சார் ஆய்வாளர் செரினா ரகுமானின் துணையோடு மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கடற்புல்லை அளக்கவும் உயிர்களைப் பெயரிட்டுப் பதியவும் கற்றார்கள். தந்தையர் வாய்வழி அறிந்ததைப் பிள்ளைகள் ஏட்டில் எழுதினார்கள். ஏட்டில் ஏறிய அறிவை அதிகாரி புறந்தள்ளுவது கடினம். கடற்குதிரைகளைக் கணக்கெடுத்து அவற்றுக்காகக் குரல்கொடுத்த அறிவியலாளர் சூ சீ குவாங் 2013இல் மறைந்தார். அவர் பயிற்றுவித்த தன்னார்வலர் பலர் மாணவர்களே. பெரும் முதலீட்டுக்கு முன் இவர்களின் ஏடுகள் சிறியவை. எல்லாவற்றையும் அவை தடுத்து நிறுத்தவில்லை. எனினும் அங்கே ஒன்றுமே இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாதபடி செய்திருக்கின்றன.

நம் பள்ளிகளுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, நெய்தலைக் கற்பிக்கும் ஆசிரியர், ஆண்டில் ஒருநாளேனும் வகுப்பைக் கழிமுகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அதற்கு ஏற்ற நாள். இரண்டாவது, மாணவர்கள் ஜொகூர்க் கடற்கரையின் மரம், மீன், நண்டு, காற்று, ஓதம் ஆகியவற்றின் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் அருகருகே வைத்துச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுக்க வேண்டும். அதற்காக மீனவரிடம் சென்று கேட்க நேரும். கேட்பதே பாதிப் பயன். மூன்றாவது, பெருந்திட்டங்களின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, உயர்நிலை மாணவர்கள் அவற்றைப் படித்துத் தமிழில் சுருக்கி எழுதிப் பழக வேண்டும். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் பயனுள்ள பொருள் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்திலிருந்து வெளியேறிய நம் முன்னோர்க்கு அந்தக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஆளில்லாமல் இருந்தது. அக்குறை இனி எந்தச் சமூகத்துக்கும் நேர வேண்டா.

அன்று கேள்வி கேட்ட மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். திரும்பும் வழியில் பேருந்து கெலாங் பாத்தா வழியே வந்தது. கெலாங் பாத்தா என்றால் உடைந்த வளையல் என்று பொருள். செம்பனை வரிசைகளைக் கடந்ததும் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானளாவித் தெரிந்தன. “என் அப்பா அங்கேதான் வேலை செய்கிறார், ஐயா” என்று பெருமையோடு காட்டினாள். சற்று நேரம் கழித்து, “அங்கேயும் முன்னே இந்த மரங்கள் இருந்தனவா?” என்று கேட்டாள். இருந்தன என்றேன். அவள் தன் குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. தந்தையின் உழைப்பின்மேல் கொண்ட பெருமையும் அந்த மரங்களின் நினைவும் ஒரே பக்கத்தில் இருக்கலாம் என்பதை அவள் எனக்குக் கற்பித்தாள். அப்படிப்பட்ட பக்கங்களை எழுதத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவது, ஆசிரியப் பெருமக்களே, நம் பொறுப்பு.